மிலானில் எழுந்த சீழ்க்கை ஒலி

பழைய சைக்கிள் பந்தயங்களின் முடிவுப் பட்டியல்களை எடுத்துவைத்து வாசிப்பது எனக்கு நெடுநாளைய பழக்கம். பெரும்பாலான பட்டியல்களில் பெயர்கள் கலந்து வரும். இன்று ஒருவர், நாளை மற்றொருவர், மலை வந்ததும் மூன்றாமவர் என்று அந்த ஓட்டத்தின் கதை பெயர்களின் வரிசையிலேயே ஓரளவு புலப்பட்டுவிடும். 1927ஆம் ஆண்டு நடந்த இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜிரோ திதாலியாவின் பட்டியல் அப்படிப்பட்டதல்ல. ஒரு நாளில் ஓடும் பகுதியைக் கட்டம் என்பார்கள். அந்த ஆண்டு மொத்தம் 15 கட்டங்கள்; அவற்றில் 12 கட்டங்களில் முதலிடத்துக்கு நேரே ஒரே பெயர் நிற்கிறது. மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வந்தால், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிய பள்ளிக்கூடத்துக் காப்பி நோட்டின் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயர் அல்ஃப்ரேதோ பிந்தா.

இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் தலைசிறந்த சாலைப் பந்தய வீரர் யார் என்று கேட்டால் நான் தயங்காமல் இவர் பெயரைத்தான் சொல்வேன். ஐந்து முறை ஜிரோ, மூன்று முறை உலகச் சாம்பியன் பட்டம், ஒரே நாளில் முடியும் இத்தாலியப் பந்தயங்களான லம்பார்தி சுற்றில் நான்கு முறையும் மிலான்–சான்ரெமோவில் இரண்டு முறையும் வெற்றி, தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இத்தாலியத் தேசியப் பட்டம். இவ்வளவும் இருந்தும், 1929ஆம் ஆண்டு ஜிரோவை நான்காம் முறையாக வென்று மிலான் நகருக்குள் நுழைந்தபோது அவரை வரவேற்றது சீழ்க்கை ஒலி. இத்தாலியில் கூட்டம் சீழ்க்கையடித்தால் அது பாராட்டு அல்ல, எதிர்ப்பு. எந்தத் தவறும் செய்யாமல், யாரையும் ஏமாற்றாமல், தன் கால்களை மட்டும் நம்பி வென்ற ஒருவரை அவருடைய நாட்டு மக்களே ஏன் அப்படி வரவேற்றார்கள் என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

பிந்தா 1902 ஆகஸ்ட் 11 அன்று வட இத்தாலியின் வரேசே மாவட்டத்தில், மஜ்ஜோரே ஏரிக்கு அருகிலுள்ள சித்தீல்யோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினான்கு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பத்தாவது பிள்ளை. அத்தனை பேருக்கும் ஊரில் பிழைப்பு இருக்கவில்லை. எனவே பதின்வயதிலேயே எல்லை தாண்டிப் பிரான்ஸின் நீஸ் நகருக்குப் போய், அங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்த உறவினரிடம் சுவர்ப்பூச்சு வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் ப்ரீமோவும் உடன் இருந்தார். வாரம் முழுவதும் கரண்டியும் சாந்துச்சட்டியும், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் என்று போன நாட்களில், 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் பந்தயத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 19. ஊரின் வாத்தியக் குழுவில் கார்னெட் என்னும் சிறு ஊதுகுழலை வாசிக்கப் பழகியிருந்தார். பின்னாளில் புகழ் வந்த பிறகும் சித்தீல்யோவின் ஊதுகுழல்காரர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

பூச்சு வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். செங்கல் அடுக்குகிறவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கூடப் பார்க்கலாம். பூசுகிறவரின் திறமையோ கரண்டி போன தடமே தெரியாமல் சுவரை விடுவதில்தான் இருக்கிறது. முழுச் சுவரும் ஒரே மட்டமாக, ஒரே மூச்சில் தானாக அமைந்ததுபோல் நின்றால்தான் அது நல்ல பூச்சு. பிந்தா சைக்கிள் ஓட்டிய விதத்தைப் பற்றிய குறிப்புகளை வாசிக்கும்போதெல்லாம் அவருடைய இந்தப் பழைய தொழில் என் நினைவுக்கு வருகிறது.

அவர் தொழில்முறை வீரராக இத்தாலிக்குத் திரும்பிய கதை பணத்தில் தொடங்குகிறது. 1924ஆம் ஆண்டின் லம்பார்தி சுற்றில், கோமோ ஏரியின் கரையிலிருந்து செங்குத்தாக எழும் கீஸாலோ ஏற்றத்தின் உச்சியை முதலில் கடப்பவருக்கு 500 லிரா பரிசு என்று அறிவித்திருந்தார்கள். கூலி வேலை செய்யும் இளைஞருக்கு அது பெருந்தொகை. அதைக் குறிவைத்து நீஸிலிருந்து மிலான் வரைக்கும் சைக்கிளிலேயே வந்து பந்தயத்தில் கலந்துகொண்டார் என்று சொல்லப்படுகிறது. கீஸாலோ உச்சியில் அவர்தான் முதல்வர். பரிசை எடுத்துக்கொண்ட பிறகும் ஓட்டத்தை விடாமல், எல்லைக்கோட்டில் நான்காவதாக வந்தார். அன்று வென்றவர் ஜொவான்னி ப்ரூனேரோ. ஏற்கெனவே இரண்டு முறை ஜிரோவை வென்றிருந்தவர். பச்சை நிறச் சட்டை அணிந்த லெஞானோ அணியின் மேலாளர் எபெரார்தோ பவேசி, வழக்கறிஞர் என்று வீரர்களால் செல்லப்பெயரிட்டு அழைக்கப்பட்டவர், அந்த நான்காம் இடத்துக்காரரைக் கவனித்துத் தம் அணிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

1925இல் பிந்தா தம் முதல் ஜிரோவில் இறங்கியபோது இத்தாலிய சைக்கிள் உலகத்தின் அரசர் கோஸ்தந்தே ஜிரார்தெங்கோ. சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியன் என்ற பொருள்படும் 'கம்பியோனிஸ்ஸிமோ' என்ற பட்டத்தை இத்தாலியர்கள் அவருக்காகவே வழங்கினார்கள். அந்த ஆண்டும் அவர் 32 வயதில் ஆறு கட்டங்களை வென்றார். பிந்தா வென்றது ஒன்றே ஒன்று. ஆனால் இத்தகைய பந்தயத்தில் எத்தனை கட்டம் வென்றோம் என்பது கணக்கல்ல. எல்லாக் கட்டங்களுக்கும் எடுத்துக்கொண்ட மொத்த நேரமே கணக்கு. மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி முடித்தபோது பிந்தா 4 நிமிடம் 58 விநாடி முன்னால் இருந்தார். 22 வயது இளைஞர், முதல் முயற்சியிலேயே, நாட்டின் அன்புக்குரிய வீரரைத் தோற்கடித்துவிட்டார். மக்கள் அவரை முழுமனதோடு ஏற்றுக்கொள்ளாததற்கான முதல் விதை அங்கேயே விழுந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்துப் பந்தயம் இன்றைய பந்தயம் அல்ல. ஒரு கட்டம் சராசரியாக 250 கிலோமீட்டர். 300ஐத் தாண்டுவதும் உண்டு. இடையிடையே ஓய்வு நாட்கள் இருந்தன என்றாலும், ஓடும் நாளில் விடியலுக்கு முன் புறப்பட்டுப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கையில் இருக்கவேண்டும். சாலைகள் பெரும்பாலும் தார் காணாதவை. வெயில் காலத்தில் வெள்ளைப் புழுதி, மழை பெய்தால் சேறு. உபரி டயரை எட்டு வடிவில் மடித்து முதுகில் குறுக்காக மாட்டிக்கொள்வார்கள். கியர் மாற்ற நெம்புகோல் எதுவும் கிடையாது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பற்சக்கரங்கள் இருக்கும். ஏற்றத்தின் அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, செயினைச் சரிசெய்து மீண்டும் ஏறவேண்டும். மலையுச்சியில் அதையே மறுபடியும் செய்யவேண்டும். எந்த இடத்தில் நிறுத்தி மாற்றுவது என்ற முடிவிலேயே ஒரு பந்தயம் கைவிட்டுப் போய்விடும். முன்னால் போகிறவர் சக்கரத்தைத் திருப்ப இறங்கும் கணத்துக்காகவே பின்னால் வருகிறவர் காத்திருப்பார்.

இத்தகைய சாலைகளில் மற்ற வீரர்களின் புகைப்படங்களைப் பார்த்தால் வாய் திறந்து, தோள் குறுகி, சேறு அப்பிய முகத்தோடு அவர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பது தெரியும். பிந்தாவின் படங்களில் முதுகு அசையாமல் நேராகக் கிடக்கிறது. முகத்தில் எந்தச் சுளிப்பும் இல்லை. தலைமுடியில் கூடக் குலைவு குறைவு. பின்னாளில் பிரான்ஸின் புகழ்பெற்ற மலையேற்ற வீரரான ரெனே வியெத்தோ சொன்னதாக ஒரு கூற்று வழங்குகிறது: பிந்தாவின் முதுகில் ஒரு கோப்பைப் பாலை வைத்து மலையேறச் சொன்னாலும் உச்சியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்காது என்பது அதன் கருத்து. இதைவிடச் சிறந்த புகழ்ச்சி ஒரு சைக்கிள் வீரருக்குக் கிடைப்பது அரிது. ஆனால் சாலையோரத்தில் மணிக்கணக்கில் வெயிலில் காத்து நின்றவர்களுக்கு அந்தச் சிந்தாத பால்தான் மனத்தாங்கலைத் தந்தது. அவர்கள் நாள் முழுவதும் உடல் வருந்த உழைப்பவர்கள். தங்களைப் போலவே வருந்துகிற ஒருவரைப் பார்க்கவே வந்து நின்றார்கள்.

பிந்தா வருந்தவில்லை என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். 1926ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அந்த ஆண்டின் ஜிரோவில் முதல் கட்டத்திலேயே கீழே விழுந்து, அரை மணி நேரத்துக்கும் மேலாக இழந்தார். பட்டம் அன்றே போய்விட்டது. வேறொருவராக இருந்தால் ரயிலேறி வீடு திரும்பியிருப்பார். பிந்தா திரும்பவில்லை. அணித்தோழர் ப்ரூனேரோ மூன்றாம் முறையாகப் பட்டம் வெல்லத் துணையாக ஓட்டினார்; அப்படி ஓட்டிக்கொண்டே ஆறு கட்டங்களை வென்று, இறுதியில் இரண்டாமிடத்துக்கும் வந்துவிட்டார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லம்பார்தி சுற்றில் தனியாகப் பிரிந்து போய், இரண்டாவதாக வந்தவருக்கும் தமக்கும் இடையே ஏறக்குறைய அரை மணி நேர இடைவெளியை உண்டாக்கினார். ஒரே நாளில் ஓடி முடிக்கும் பந்தயத்தில் அரை மணி நேரம் என்பது, வென்றவர் குளித்து உடைமாற்றி வந்து நின்று, அடுத்தவர் வருகையைப் பார்க்கத் தக்க கால அளவு. எனக்கு அவருடைய வெற்றிகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். மற்ற வெற்றிகளில் போட்டியாளர்கள் இருந்தார்கள். இதில் சாலையும் அவரும் மட்டுமே இருந்தார்கள்.

அடுத்து வந்த 1927 அவருடைய ஆண்டு. நான் தொடக்கத்தில் சொன்ன பட்டியல் அப்போதுதான் உருவானது. ப்ரூனேரோ இரண்டாமிடம், இடைவெளி 27 நிமிடத்துக்கும் மேல். ஜூலை 21 அன்று ஜெர்மனியில், அப்போதுதான் கட்டி முடித்திருந்த நூர்பர்க்ரிங் கார்ப் பந்தயத் தடத்தில், தொழில்முறை வீரர்களும் பங்கேற்ற முதல் உலகச் சாலைச் சாம்பியன் போட்டி நடந்தது. காட்டு மலைச்சரிவுகளில் ஏறியும் இறங்கியும் வளைந்து செல்லும் கடினமான தடம் அது. முதல் நான்கு இடங்களும் இத்தாலியர்களுக்கே: பிந்தா, ஜிரார்தெங்கோ, பியெமொந்தேசி, பெல்லோனி. பிந்தா 7 நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் முன்னால் வந்தார். மூத்தவரை மீண்டும், இம்முறை உலகின் முன்னிலையில், அவர் வென்றார். தொழில்முறை உலகச் சாம்பியன் பட்டத்தின் வரலாற்றில் முதல் பெயர் இப்படித்தான் பிந்தாவினுடையதாக ஆயிற்று.

இந்த இருவர் பகைமையின் வருத்தத்துக்குரிய பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நான் பிந்தாவுக்கு நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். 1928இல் உலகச் சாம்பியன் போட்டி புடாபெஸ்ட் நகரில் நடந்தது. பிந்தா ஜிரார்தெங்கோவைக் கண்காணித்தார். ஜிரார்தெங்கோ பிந்தாவைக் கண்காணித்தார். மற்றவர் வென்றுவிடக்கூடாது என்பதிலேயே இருவரும் குறியாக இருந்ததால், பெல்ஜியத்தின் ஜார்ஜ் ரோன்ஸ் முன்னால் போய்விட்டார். இருவரும் பந்தயத்தைப் பாதியில் கைவிட்டார்கள். ரோன்ஸ் உலகச் சாம்பியன் ஆனார். சினங்கொண்ட இத்தாலியக் கூட்டமைப்பு இருவருக்கும் தடை விதித்தது. பிந்தாவின் வாழ்க்கையில் அறிவு அவரைக் கைவிட்ட ஒரே நாளாக நான் இதைக் காண்கிறேன். மற்றபடி எப்போது உழைப்பது, எப்போது காத்திருப்பது என்ற கணக்கில் அவருக்கு நிகராக அந்தத் தலைமுறையில் ஒருவரும் இல்லை.

1928 ஜிரோவிலும் ஆறு கட்டங்களோடு பட்டம் அவருக்கே. அந்த ஆண்டு ஏறத்தாழ முந்நூறு பேர் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்த அணியின் ஆதரவும் இல்லாத தனியாட்கள், தங்கும் இடத்தையும் உணவையும் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியவர்கள். 1929இல் ரோமில் தொடங்கிய ஜிரோவில் 14 கட்டங்கள். இரண்டாவது கட்டம் முதல் ஒன்பதாவது கட்டம் வரை தொடர்ச்சியாக எட்டுக் கட்டங்களை பிந்தா வென்றார். காலையில் செய்தித்தாளைப் பிரிப்பவருக்கு நேற்று வென்றவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இறுதி இடைவெளி என்னவோ 3 நிமிடம் 44 விநாடிதான். ஆனாலும் பந்தயம் எப்போதோ முடிந்துவிட்டது என்ற எண்ணம் எல்லாரிடமும் பரவியிருந்தது. அந்த மனநிலையோடுதான் மிலானில் கூட்டம் சீழ்க்கையடித்தது.

இங்கே ஜிரோவை நடத்தியவர்களின் நிலையையும் சொல்லவேண்டும். அது ஒரு செய்தித்தாளின் பந்தயம். இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் கஸெத்தா தெல்லோ ஸ்போர்ட், தன் விற்பனையைப் பெருக்குவதற்காக 1909இல் தொடங்கிய ஓட்டம் அது. நாளை என்ன நடக்குமோ என்ற ஆவல்தான் அவர்கள் விற்ற பொருள். அந்த ஆவலை பிந்தா ஒருவரே இல்லாமல் ஆக்கிவிட்டார். எனவே 1930இல் அந்த இதழின் ஆசிரியர் எமிலியோ கொலம்போ, விளையாட்டு வரலாற்றில் அதற்கு முன் கேள்விப்படாத ஒரு கோரிக்கையோடு அவரை அணுகினார்: இந்த ஆண்டு ஜிரோவில் கலந்துகொள்ள வேண்டாம், அதற்காக 22,500 லிரா தருகிறோம். வென்றால் கிடைக்கும் முதற்பரிசுக்கு ஈடான தொகை அது. பிந்தா பணத்தைப் பெற்றுக்கொண்டு விலகி நின்றார்.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் செல்வார்கள். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. தன் தொழிலை யாரும் செய்யாத அளவுக்குச் செம்மையாகச் செய்த காரணத்துக்காக, அந்தத் தொழிலைச் செய்யாதிருக்கும்படி ஒருவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் வயது அப்போது 27. ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் வயது. ஒரு பந்தய வீரருக்குக் கிடைக்கும் ஆண்டுகள் பத்தோ பன்னிரண்டோதான், அவற்றில் ஒன்றை அவர்கள் விலை பேசி வாங்கினார்கள். பதினான்கு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, கூலிக்குச் சாந்து பூசி, 500 லிராவுக்காக மலையேறி வந்தவர் அந்தத் தொகையை மறுத்திருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் விலகி நின்ற அந்த ஜிரோவை வென்றவர் லுயீஜி மார்கிஸியோ, 21 வயது இளைஞர். அவரும் அணிந்திருந்தது லெஞானோ அணியின் அதே பச்சைச் சட்டைதான்.

வீட்டில் சும்மா இருக்கவில்லை பிந்தா. அந்தக் கோடையில் தம் வாழ்நாளின் ஒரே டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் இறங்கினார். அவ்வாண்டுதான் டூரின் நிறுவனர் ஆன்ரி தெக்ராஞ்ஜ் வணிக அணிகளை நீக்கித் தேசிய அணிகளைக் கொண்டுவந்திருந்தார். ஏழாவது கட்டத்தில், பொர்தோவிலிருந்து தெற்கே ஆந்தாய் நோக்கிய சமவெளிச் சாலையில், பிந்தா விழுந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை இழந்தார். மறுநாள் போ நகரில் முடிந்த கட்டத்தை வென்றார். அதற்கடுத்து, பைரனீஸ் மலையின் பெரிய கணவாய்களைக் கடந்து லூஷோனில் முடிந்த கட்டத்தையும் வென்றார். பத்தாவது கட்டத்தில் விலகிவிட்டார். டூர் வரலாற்றில் அவருக்குரிய இடம் இந்த இரண்டு வரிகளே. அவர் டூரை வென்றதில்லை என்பதை வைத்து அவரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள், இத்தாலிய சைக்கிள் நிறுவனங்களின் சந்தை இத்தாலியிலேயே இருந்தது என்பதையும், ஊதியம் கொடுத்த நிறுவனம் தன் வீரர் ஜிரோவில் வெல்வதையே விரும்பியது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் இறுதியில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தம் நாட்டவரான லியார்கோ குவேர்ராவையும், முந்தைய சாம்பியன் ரோன்ஸையும் பின்தள்ளி இரண்டாம் முறையாக உலகச் சாம்பியன் ஆனார்.

குவேர்ராவைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். அவரும் 1902இல் பிறந்தவர்தான். மாந்துவா நகரையொட்டிய சமவெளிக்காரர். கொத்து வேலையிலிருந்து வந்து, இருபத்தாறு வயதுவாக்கில்தான் தொழில்முறை வீரரானார். மலையில் பிந்தாவுக்கு ஈடாகமாட்டார். ஆனால் சமவெளியில் தலையைத் தாழ்த்திக்கொண்டு, தோளும் இடுப்பும் ஆட, முழு உடம்பையும் பெடலில் போட்டு மிதிப்பார். மனித ரயில் எஞ்சின் என்று அவருக்குப் பெயர். 1931இல் ஜிரோவின் முன்னிலை வீரருக்கு இளஞ்சிவப்புச் சட்டை கொடுக்கும் வழக்கம் தொடங்கியபோது, அந்தச் செய்தித்தாளின் நிறத்திலேயே தைத்த அந்தச் சட்டையை முதலில் அணிந்தவர் குவேர்ராதான், அதுவும் தம் சொந்த மாந்துவாவில் வென்று. நாடு அவரை உச்சிமேல் வைத்துக் கொண்டாடியது. விளையாட்டு வெற்றிகளை நாட்டின் வலிமைக்குச் சான்றாகக் காட்ட விரும்பிய முசோலினி ஆட்சிக்கும் அந்த முரட்டு ஆற்றல் ஏற்றதாக இருந்தது. ஒருவர் செங்கல் அடுக்கியவர், மற்றவர் சுவர் பூசியவர். அடுக்கியவரின் உழைப்பை மக்கள் எண்ணிப் பார்க்க முடிந்தது.

1932இல் உலகச் சாம்பியன் போட்டி ரோமில் நடந்தது. இம்முறை பார்வையாளர்கள் சொந்த நாட்டவர். ஏற்றத்தில் ரெமோ பெர்த்தோனியோடு முன்னேறிச் சென்று பிந்தா மூன்றாம் முறையாகப் பட்டம் வென்றார். மூன்று முறை அந்தப் பட்டத்தை வென்ற முதல் மனிதர் அவர். 1933இல், அவர் முடிந்துவிட்டார் என்று பலரும் எண்ணத் தொடங்கியிருந்த நேரத்தில், ஜிரோவுக்குத் திரும்பி வந்து ஆறு கட்டங்களோடு ஐந்தாம் முறையாக வென்றார். ஜிரோவில் முதன்முதலாக ஒவ்வொருவரும் தனித்தனியே நேரத்தோடு போட்டியிடும் கட்டம், பொலோன்யாவிலிருந்து ஃபெர்ராரா வரை 62 கிலோமீட்டர், அந்த ஆண்டு சேர்க்கப்பட்டது. அதை வென்றவர் பிந்தா. மலையேற்றத்தில் சிறந்தவருக்கான தனிப்பரிசும் அவ்வாண்டுதான் அறிமுகமானது. அதுவும் பிந்தாவுக்கே. புதிதாக எந்தக் கதவைத் திறந்தாலும் அதன் வழியே முதலில் நுழைகிறவர் அவராகவே இருந்தார்.

1936ஆம் ஆண்டின் மிலான்–சான்ரெமோ பந்தயத்தில் கீழே விழுந்ததில் தொடையெலும்பு முறிந்தது. அத்தோடு அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. வயது 33.

அவர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறவர்கள் அதன் மிகச்சிறந்த பகுதியை இழந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். போருக்குப் பிறகு பிந்தா இத்தாலிய தேசிய அணியின் மேலாளரானார். 1948 டூரில் ஜீனோ பார்த்தாலி, 34ஆம் பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த வீரர், இளைஞர் லூயிஸோன் பொபேயைவிட 21 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கிக் கிடந்தபோது அவரைத் தாங்கி நிறுத்தியவர்களில் பிந்தாவும் ஒருவர். ஆல்ப்ஸ் மலையில் தொடர்ந்து மூன்று கட்டங்களை வென்று பார்த்தாலி அந்த டூரைக் கைப்பற்றினார். மறு ஆண்டு வேலை அதைவிடக் கடினம். பார்த்தாலியும் ஃபௌஸ்தோ கோப்பியும் ஒரே அணியில் ஓடவேண்டும். இத்தாலி முழுவதும் அந்த இரு பெயர்களின்கீழ் இரண்டாகப் பிளந்து கிடந்த காலம் அது. ஒருவர் மற்றவரைத் தோற்கடிப்பதற்காகவே இருவரும் தோற்கத் தயாராக இருந்தார்கள். இது எங்கே போய் முடியும் என்பது பிந்தாவுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புடாபெஸ்ட் சாலையோரத்தில் அவரே அதைச் செய்து பார்த்தவர். பொறுமையாகப் பேசிப் பேசி இருவரையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த உடன்பாடு ஐந்தாம் கட்டத்திலேயே உடையப் பார்த்தது. சான் மாலோ நோக்கிப் போகும் வழியில் முன்னணியில் இருந்த கோப்பி, சிறிய உருவம் கொண்ட ழாக் மரினெல்லியோடு மோதி விழுந்தார். சைக்கிள் நொறுங்கிவிட்டது. அவருக்குப் பொருத்தமான மாற்றுச் சைக்கிள் பிந்தாவின் காரில் இருந்தது. அந்தக் காரோ வெகுதூரம் பின்னால் இருந்தது. மேலாளர் பார்த்தாலியின் பக்கம் என்ற ஐயம் ஏற்கெனவே கோப்பியின் மனத்தில் இருந்தது. கார் வந்து சேர்ந்தபோது, தமக்கு இந்தப் பந்தயமே வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் நின்றுவிட்டார். பிந்தா அவரைச் சமாதானப்படுத்தி மீண்டும் ஏற்றினார். அன்று இழந்த நேரம் பெரிது, ஒட்டுமொத்தக் கணக்கில் மரினெல்லியைவிட ஏறக்குறைய 37 நிமிடம் பின்னால். அந்த இரவும் பேச்சு தொடர்ந்தது. காலையில் கோப்பி புறப்பாட்டுக் கோட்டில் நின்றார்.

அதற்குப் பின் நடந்ததை உலகம் அறியும். ஆல்ப்ஸில் கோப்பியும் பார்த்தாலியும் சேர்ந்தே மற்ற அனைவரையும் விட்டுச் சென்றார்கள். பிரியான்ஸோனில் முடிந்த கட்டத்தன்று பார்த்தாலிக்கு 35ஆம் பிறந்தநாள். கோப்பி அவரையே முதலாவதாக வர விட்டுக்கொடுத்தார். மறுநாள் ஆஒஸ்தா போகும் வழியில் பார்த்தாலிக்கு டயர் பஞ்சரானது. காத்திருப்பதா, போவதா என்று கோப்பி நின்றபோது போகலாம் என்று அனுமதி கொடுத்தவர் பிந்தா. பார்த்தாலியை அன்று இரவு எதிர்கொள்ள வேண்டியவரும் அவரே. பாரிஸில் கோப்பி முதலிடம், பார்த்தாலி இரண்டாமிடம். 1952இலும் கோப்பி பிந்தாவின் வழிகாட்டுதலில் டூரை வென்றார். அடுத்த ஆண்டு லுகானோவில் உலகச் சாம்பியனும் ஆனார். டூரின் முன்னிலை வீரருக்குரிய, தாம் அணியாத மஞ்சள் சட்டையை இப்படி மற்றவர்களின் தோளில் பிந்தா பார்த்துக்கொண்டார்.

ஐந்து ஜிரோ என்ற அவருடைய எண்ணிக்கையைப் பின்னாளில் கோப்பியும் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸும் எட்டினார்கள், தாண்டவில்லை. ஜிரோவில் அவர் வென்ற கட்டங்கள் மொத்தம் 41. அந்த எண் எழுபது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2003இல்தான் மாரியோ சிப்போலினி அதை 42 ஆக்கினார். சிப்போலினி கடைசி இருநூறு மீட்டர் பாய்ச்சலில் வெல்லும் வீரர். மலைக் கட்டங்கள் அவருக்குரியவை அல்ல. பிந்தாவின் 41இல் மலை, சமவெளி, மழை, புழுதி, கூட்டப் பாய்ச்சல், தனி ஓட்டம் எல்லாமே அடக்கம்.

1986 ஜூலை 19 அன்று, பிறந்த அதே சித்தீல்யோவில் பிந்தா காலமானார். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அவர் பெயரால் அந்த ஊரில் பெண்களுக்கான சாலைப் பந்தயம் நடக்கிறது. உலகின் முதன்மை வீராங்கனைகள் அனைவரும் அதற்கு வருகிறார்கள். நெதர்லாந்தின் மரியான் ஃபோஸ் நான்கு முறை வென்றிருக்கிறார். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் பலமுறை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் சித்தீல்யோவின் தெருவுக்குள் அவர்கள் திரும்பும்போது, வேலிக்கு இருபுறமும் நிற்கும் ஊர்மக்கள் கைதட்டி வரவேற்கிறார்கள்.